நொய்யல் கற்றுத்தந்த வேலை: திருப்பூரில் இருந்து உலகச் சந்தைக்குப் போகும் சுற்றுச்சூழல் துறை

‘அடுத்த வாரம் ஆடிட் வர்றாங்க.’ நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் கம்பெனிகளில் இந்த வாக்கியம் காதில் விழாத சீசன் கிடையாது. சொன்ன மறுநிமிடமே எல்லோரும் ஒரே ஆளைத் தேடுவார்கள். துணி எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது, அங்கே என்னென்ன ரசாயனம் வாங்கினார்கள், கழிவுநீர் எங்கே போனது, கரண்ட் பில் எவ்வளவு என்று கையில் கணக்கு வைத்திருப்பவர் அவர்தான். கம்ப்ளையன்ஸ் ஆபீசர், இ.எச்.எஸ். இன்சார்ஜ், சஸ்டெய்னபிலிட்டி எக்ஸிக்யூட்டிவ் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். வேலை ஒன்றுதான்.

வெளிநாட்டில் சுற்றுச்சூழல் வேலை என்றதும் ஐ.நா. அலுவலகமும் காலநிலை மாநாடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கதவுகள் குறுகலானவை. ஜவுளித் துறையின் கதவு அவ்வளவு குறுகல் இல்லை. அதன் சாவி திருப்பூரிலேயே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் கசப்பான காரணம்.

உப்புதான் வில்லன்

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் ஏராளமாக உப்பு போட வேண்டும். சாயம் துணியோடு தங்கிவிடும். உப்பு தங்காது, தண்ணீரோடு வெளியே வரும். நுண்ணுயிர்களை வைத்துக் கழிவை எவ்வளவு சுத்தம் செய்தாலும், கரைந்த உப்பை அவை தின்னாது. நிறம் போய்விட்டது, நாற்றம் போய்விட்டது, ஆனால் தண்ணீர் உப்பாகவே நொய்யலில் கலந்தது. சென்னிமலை அருகே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. கிணறுகளும் தோட்டங்களும் கெட்டுப்போன விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2009-ல் அங்கே தீர்ப்பும் வந்தது. அதன்பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சில திரும்பத் திறக்கவே இல்லை.

திறந்தவை ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ முறைக்கு, அதாவது ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறின. முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு நிறநீக்கம், பிறகு ஆர்.ஓ. மெம்பரேன். ஆர்.ஓ.வில் பிரிந்த நல்ல தண்ணீர் மறுபடி சாயம் ஏற்றப் போகும். மிஞ்சிய உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். முடிந்தவரை அந்த உப்பும் பட்டறைக்கே திரும்பும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கும். ஒரு தொழில் நகரம் முழுக்க இதைத் தினசரி ஓட்டிய அனுபவம் உலகில் வெகு சில இடங்களுக்கே உண்டு.

இதில் யாரும் விளம்பரப் பலகையில் எழுதாத ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீரைக் காப்பாற்ற நீராவி வேண்டும். நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும். ஆறு பிழைத்தால் கார்பன் கணக்கு ஏறுகிறது. காற்றாலையும் சோலாரும் மின்சாரத்தை ஈடுகட்டும், பாய்லரை அல்ல. இந்த இரண்டையும் ஒரே தாளில் கணக்குப் போட்டு, பையரிடம் ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தவருக்குத்தான் இன்றைக்கு மதிப்பு.

யார் கேட்கிறார்கள்?

2011-லேயே, கிரீன்பீஸ் அமைப்பின் ‘டீடாக்ஸ்’ பிரசாரத்துக்குப் பிறகு, பெரிய பிராண்டுகள் சேர்ந்து இசட்.டி.எச்.சி. அமைப்பைத் தொடங்கின. இதன் அறக்கட்டளை ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. உற்பத்தியில் எந்த ரசாயனம் கூடாது என்ற அதன் பட்டியலைத்தான் திருப்பூர் டையிங் மாஸ்டர்களும் பார்க்கிறார்கள். ஆர்கானிக் பருத்திக்கான காட்ஸ் சான்றிதழை நடத்தும் அமைப்பு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ளது.

ஐரோப்பிய யூனியன் 2024-ல் இரண்டு பெரிய சட்டங்களைக் கொண்டுவந்தது. சப்ளை செயினில் நடப்பதற்கு வாங்கும் கம்பெனியே பொறுப்பு என்றது ஒன்று. அதன் தேதிகள் பின்னர் தள்ளிப்போடப்பட்டன, பிடியையும் தளர்த்துகிறார்கள். இன்னொன்று, பொருளின் பூர்விகத்தைச் சொல்லும் ‘டிஜிட்டல் பாஸ்போர்ட்’டுக்கு வழி செய்தது. அதே ஆண்டு வந்த வேறொரு விதிப்படி, 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரம் காட்டாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொதுவாக எழுதி அங்கே பொருள் விற்க முடியாது. அந்த ஆதாரத்தை யாரோ ஒருவர் தயாரித்தாக வேண்டும். இந்தியாவிலும் பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையை செபி கட்டாயமாக்கிவிட்டது.

வழி எப்படி?

எதிரில் மூன்று விதமான வேலைகள் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டுவது. ரசாயனம், தண்ணீர், கார்பன் கணக்கு எடுப்பது. அடுத்தவர் எடுத்த கணக்கைச் சரிபார்ப்பது. மூன்றாவதில்தான் பயணம் அதிகம். சங்கடமும் அதிகம். ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்று கேட்கும் இடத்தில் உட்கார்ந்து ‘இல்லை’ என்று எழுத வேண்டிய வேலை அது.

படிப்பைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆற்றல், சுற்றுச்சூழல் பொறியியல் பி.டெக். இருக்கிறது, பாரதியார் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. கெமிஸ்ட்ரி, டெக்ஸ்டைல், சிவில் படித்தவர்களும் உள்ளே வரலாம். ஐ.எஸ்.ஓ. 14001 ஆடிட்டர் பயிற்சி, ஐ.எஸ்.ஓ. 14064 கார்பன் கணக்கு, ஒரு பொருளின் முழு ஆயுள் பாதிப்பைக் கணக்கிடும் ஓப்பன்-எல்.சி.ஏ. மென்பொருள் ஆகியவை அடுத்த படிகள். ஓப்பன்-எல்.சி.ஏ. இலவசம் என்பதால் இன்று ராத்திரியே லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம்.

பலர் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். டிகிரி முடித்த கையோடு லட்சக்கணக்கில் கடன் வாங்கி ஓராண்டு முதுகலைக்கு விமானம் ஏறுவதைவிட, இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்த்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். காரணம், செலவைப் பெரிதும் ஏற்கும் உதவித்தொகைகள் பல அனுபவத்தைத்தான் கேட்கின்றன. ஜெர்மனியின் டாட் அமைப்பு வளர்ச்சி சார்ந்த முதுகலைப் படிப்புகளுக்குத் தரும் ‘எபோஸ்’ உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பொதுவாக ஆறு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. பிரிட்டனின் செவனிங் 2,800 மணி நேர அனுபவம் கேட்கிறது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸுக்கு அனுபவக் கட்டாயம் பொதுவாக இல்லை என்றாலும், போட்டி கடுமை.

விண்ணப்பக் கட்டுரையில் ‘இயற்கையை நேசிக்கிறேன்’ என்று எழுதுபவர்கள் ஆயிரம் பேர். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற உப்பு வரம்பை ஒரு சாயப்பட்டறை எப்படித் தாண்டியது, மெம்பரேன் எந்த மாதம் அடைத்தது, அதைச் சரிசெய்ய எவ்வளவு விறகு கூடுதலாகச் செலவானது என்று தேதியோடு எழுத முடிந்தவர்கள் மிகக் குறைவு. அதற்கு இன்று லேப்பில் எழுதும் லாக் புத்தகத்தை, கம்பெனி அனுமதிக்கும் அளவுக்கு, ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.