'ஆனை' தப்பா? பாட்டி சொல்வதும் சரிதான்!

"அதோ பாரு, ஆனை!" என்று பாட்டி காட்டினால், "யானைன்னு சொல்லுங்க பாட்டி" என்று பேரன் திருத்துவது பல வீடுகளில் நடக்கும். ஆனால், பாட்டி சொல்வதில் பிழையே இல்லை.

பழந்தமிழில் யாடு, யாறு, யாமை, யாண்டு என்ற சொற்கள் உண்டு. முதலில் நின்ற 'ய்' ஒலி உதிர்ந்து, இன்று ஆடு, ஆறு, ஆமை, ஆண்டு என்றே எழுதுகிறோம். அதே வழியில் வந்ததுதான் ஆனை. எழுத்தில் மட்டும் யானை நிலைத்துவிட்டது.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்... பொள்ளாச்சி அருகே ஆனைமலை, திருச்சியில் திருவானைக்காவல், இலங்கையில் ஆனையிறவு. பிள்ளையாரும் ஆனைமுகன்தான். மலையாளத்தில் 'ஆன', கன்னடத்தில் 'ஆனெ'.

குட்டீஸ், தேர்வில் 'யானை' என்றே எழுதுங்கள். பாட்டியை மட்டும் திருத்தாதீர்கள்!