ஸ்பொன்சர் விண்ணப்பம்: காத்திருப்பு எங்கே நீள்கிறது?

அண்ணன் ஸ்காபரோவில் இருக்கிறார், தம்பி மொன்றியலில். இருவரும் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்து, ஒரே வாரத்தில் தங்கள் மனைவிமாருக்கு ஸ்பொன்சர் விண்ணப்பம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024-ஆம் ஆண்டு நிலவரப்படி அண்ணனின் மனைவி ஓராண்டை ஒட்டி வந்து சேர்ந்துவிடுவார். தம்பியின் மனைவியோ ஏறத்தாழ 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். கொடுத்த பத்திரங்கள் ஒன்றுதான், கனடாவின் சட்டமும் ஒன்றுதான். மாகாணம் மட்டுமே வேறு.

கணவன், மனைவி ஸ்பொன்சர் ஏன் இழுபடுகிறது என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கினால் விஷயம் விளங்கும். வருடத்துக்கு எத்தனை பேரை எடுப்பது என்று அரசு வைக்கும் எண்ணிக்கை ஒரு காரணம். நாம் அனுப்பும் கோவையில் இருக்கும் குறைகள் இன்னொரு காரணம்.

12 மாதக் கணக்கு

2016 டிசம்பரில் கனடாவின் குடிவரவு அமைச்சு, 2 ஆண்டு வரை இழுபட்ட இந்த விண்ணப்பங்களை 12 மாதத்தில் முடிப்பதாக அறிவித்தது. அந்த இலக்கு நூற்றுக்கு 80 விண்ணப்பங்களுக்கு உரியது. மற்ற 20 பேருக்கு அதில் உத்தரவாதம் கிடையாது. அதோடு, முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடத் தொடங்கும். ஒரு கையொப்பம் விடுபட்டாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம். மறுபடி அனுப்பும்போது கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

எண்ணிக்கை எங்கே முடிவாகிறது

வருடம்தோறும் குடிவரவு அமைச்சர், அடுத்த ஆண்டில் எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு நிரந்தர வதிவிடம் வழங்கப்படும் என்ற திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைக்கிறார். கணவன், மனைவி, பிள்ளைகள் பிரிவுக்கு 2024-இல் 82,000 என்ற இலக்கு இருந்தது. 2024 அக்டோபரில் வந்த திட்டம் 2025-க்கு அதை 70,000 ஆகக் குறைத்தது. ஆனால் பெற்றோருக்கான ஸ்பொன்சரைப்போல இங்கே அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தகுதியுள்ளவர் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். உள்ளே போகும் விண்ணப்பங்களுக்குக் கதவு திறந்திருக்க, வெளியே வரும் முடிவுகளின் எண்ணிக்கை சுருங்கினால் வரிசை நீளத்தான் செய்யும். அதிகாரிகள் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் இதை மாற்ற முடியாது.

தம்பி இருக்கும் மொன்றியல் அடங்கிய கியூபெக்கில் நெருக்கடி இன்னும் கூடுதல். 1991-இல் கனடா அரசுடன் செய்த உடன்படிக்கையின்படி, அந்த மாகாணம் தனக்கு வேண்டிய எண்ணிக்கையைத் தானே தீர்மானிக்கிறது. அங்கே ஸ்பொன்சர் செய்பவர் மாகாண அரசிடமும் பொறுப்பேற்பு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். 2024 ஜூன் 26 முதல் 2026 ஜூன் 25 வரையான 2 ஆண்டுகளுக்குக் குடும்பப் பிரிவில் மொத்தம் 13,000 விண்ணப்பங்கள்தான் ஏற்கப்படும் என்று கியூபெக் வரம்பு விதித்தது. இப்படி வரம்பு வைத்தால் வரிசை மறைந்துவிடுவதில்லை. விண்ணப்பம் கொடுக்கவே வழியில்லாமல் வெளியே நிற்பவர்களின் மாதங்கள், அரசு வெளியிடும் காத்திருப்புக் கணக்கில் சேர்வதில்லை. அவ்வளவுதான்.

கோவையில் நடப்பவை

விண்ணப்பம் கிடைத்ததாக ஒரு கடிதம் வரும். அதன் பிறகு விரல்ரேகை, மருத்துவப் பரிசோதனை, ஸ்பொன்சர் செய்பவரின் தகுதி, பாதுகாப்புச் சோதனை என்று ஒவ்வொன்றாக முடிந்தபின் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். பொலிஸ் சான்றிதழில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த வேறு நாடுகளின் சான்றிதழையும் கேட்பார்கள். கட்டாரில் வேலை செய்தவரும் தமிழ்நாட்டில் அகதியாக இருந்தவரும் அந்தந்த நாட்டுச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது நல்லது. மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும். கோவை இழுபட்டால் அதையும் மறுபடி செய்ய நேரலாம்.

அதிகாரி கவனமாகப் பார்ப்பது திருமணம் உண்மையானதா என்பதை. படங்கள் 20-க்கு மேல் வேண்டாம், தொடர்பில் இருந்ததற்கான சான்று 10 பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று அறிவுறுத்தலே சொல்கிறது. ஆகவே தாலி கட்டும் படத்தையே பத்துக் கோணத்தில் அனுப்பிப் பயனில்லை. பெண் பார்த்தது, பதிவு எழுத்து, கல்யாணம், பிறகு ஒன்றாகப் போன இடங்கள் என்று காலம் தெரியும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். யார் சம்பந்தம் பேசினார்கள், சாதகம் எப்போது பார்த்தார்கள், மாப்பிள்ளையின் தாய் தகப்பன் ஏன் வரவில்லை என்பதெல்லாம் நமக்குச் சொல்லத் தேவையில்லாத சங்கதிகள். நம் வழக்கம் தெரியாத அதிகாரிக்கோ அவைதான் சந்தேகத்தைத் தீர்ப்பவை. கேள்விப் படிவத்தில் அவற்றை விரிவாகவே எழுத வேண்டும். ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த திருமணத்தை 2015 ஜூன் முதல் கனடா பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

கனடாவில் சேர்ந்து வாழ்பவர்கள் உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். காத்திருக்கும் காலத்தில் வேலை அனுமதிக்கும் வழி இருக்கிறது. ஆனால் மறுக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. இடையில் நாட்டை விட்டுப் போனவருக்குத் திரும்பி வர அனுமதி கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. வெளிநாட்டுப் பிரிவில் மறுப்பு வந்தால், ஸ்பொன்சர் செய்தவர் 30 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

ஸ்பொன்சர் செய்பவரின் அந்தஸ்தும் முக்கியம். கனடியப் பிரஜை ஊருக்குப் போய் மனைவியோடு இருந்துகொண்டே காத்திருக்கலாம்; பின்னர் இருவரும் கனடாவில் குடியேறப் போவதை மட்டும் காட்ட வேண்டும். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர் கனடாவில்தான் வசித்தாக வேண்டும்.

காத்திருக்கும்போது பிள்ளை பிறந்தால்

மிகப் பெரிய ஆபத்து இங்கேதான். நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கு ஊரில் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்குக் கனடியப் பிரஜாவுரிமை தானாக வராது. பிறந்தவுடன் அமைச்சுக்கு அறிவித்து, பிள்ளையையும் விண்ணப்பத்தில் சேர்த்து, மருத்துவப் பரிசோதனையும் முடிக்க வேண்டும். விசா தாமதமாகிவிடும் என்று பயந்து சிலர் சொல்லாமல் விடுகிறார்கள். அப்படி மறைத்த பிள்ளையைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்யவே முடியாமற்போகலாம். சில மாதம் மிச்சம் பிடிக்கப் போய்ப் பிள்ளையைப் பல வருடம் பிரிந்திருக்க நேரும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சொன்ன காலம் கடந்தால்

5 டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கோவைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது பெரும்பாலும் அதில் தெரியும். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம் அமைச்சிடம் விசாரித்துச் சொல்லும். காரணமில்லாமல் மிகவும் இழுபட்டால், முடிவெடுக்கும்படி அமைச்சுக்கு உத்தரவிடக் கோரிக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இவையெல்லாம் தனி ஆள் செய்யக்கூடியவை. எண்ணிக்கையை மாற்ற அவரால் முடியாது. 2002-இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம், குடும்பங்களை ஒன்றுசேர்ப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. எத்தனை பேரை எடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கும் அதே அறிவிப்பில், அதனால் காத்திருப்பு எத்தனை மாதம் கூடும் என்பதையும் அது சொல்ல வேண்டும். எப்போது பயணம், பிள்ளை பெறுவதா, வேலையை விடுவதா என்று இந்தக் குடும்பங்கள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் அந்த மாதக் கணக்கை நம்பித்தான் இருக்கின்றன. அதை மறைக்காமல் சொல்வது அரசின் கடமை. கேட்டு வாங்குவது, வாக்குள்ள நம் ஒவ்வொருவரின் உரிமை.