கணக்கு சொல்லும் கதை – 17: புதுத் தலைவர் வந்தார், குட்வில் போச்சு

2015 ஜூலையில் ஐரோப்பாவின் இரண்டு பெரிய வங்கிகளில் தலைமை மாறியது. டாய்ச் வங்கிக்கு ஜான் கிரையன், கிரெடிட் சூயிஸுக்கு டிஜான் தியாம். அக்டோபரிலேயே குட்வில் (ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) உள்ளிட்ட அருவச் சொத்துகளில் சுமார் 580 கோடி யூரோவை ரைட் ஆஃப் செய்வதாக, அதாவது கணக்கிலிருந்து கழிப்பதாக, டாய்ச் அறிவித்தது. 2016 பிப்ரவரியில் கிரெடிட் சூயிஸ் 380 கோடி சுவிஸ் ஃபிராங்கைக் கழித்தது. அதில் பெரும்பங்கு, 2000-ல் டொனால்ட்சன் லஃப்கின் ஜென்ரெட் என்ற வால் ஸ்ட்ரீட் நிறுவனத்தை வாங்கியபோது ஏறிய குட்வில். 2008 நெருக்கடியில்கூடப் பெரிதாகக் கரையாதது, ஆள் மாறிய ஏழே மாதத்தில் போனது!

குட்வில்லை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவரும் பழைய முறையை அமெரிக்கா 2001-லும், சர்வதேசக் கணக்கியல் விதிகள் 2004-லும் கைவிட்டன. அதற்குப் பதில், ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்பிழப்புச் சோதனை: வாங்கிய பிரிவின் மதிப்பு புத்தக மதிப்புக்குக் கீழே போனால், அந்த வித்தியாசம் நஷ்டம். நிர்வாகத்துக்குக் கை நீள இடம் கிடைப்பது இங்கேதான்.

வாங்கிய பிரிவு அடுத்த ஆண்டு 100 கோடி ஈட்டும், பிறகு ஆண்டுக்கு 2% வளரும் என்று வையுங்கள். வருங்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதம் 9% என்றால் இன்றைய மதிப்பு சுமார் 1,430 கோடி. 10% என்றால் 1,250 கோடி. புத்தகத்தில் அது 1,300 கோடியாக நிற்கிறது. முதல் கணக்கில் பாஸ், இரண்டாவதில் 50 கோடி நஷ்டம். அந்த ஒரு சதவிகிதத்தை முடிவு செய்வது நிர்வாகம். 100 கோடியும் 2 சதவிகிதமும்கூட அவர்கள் கணிப்புதான். ஆடிட்டர் குடையலாம். ஆனால், ஓரளவு நியாயமாகத் தெரியும் கணிப்பைத் தப்பென்று நிரூபிக்க அவரிடம் என்ன இருக்கிறது?

வங்கிகளுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. மூலதன விகிதத்தைக் கணக்கிடும்போது குட்வில்லை முதலிலேயே கழித்துவிடுவார்கள். ஆகவே எவ்வளவு ரைட் ஆஃப் செய்தாலும் அந்த விகிதம் அநேகமாக அசையாது. பழி முன்னவருக்கு. பங்கு மூலதனம் சுருங்குவதால், வரும் ஆண்டுகளில் அதன் மீதான வருமான விகிதம் அழகாகத் தெரியும். புதிதாக வந்தவர் ஏன் தயங்கப் போகிறார்?

மூலதனத் தேவை உயரப்போகிறது, எங்கள் துணை வங்கியான போஸ்ட்பேங்கை விற்கப்போகிறோம் என்று டாய்ச் காரணம் சொன்னது. பொய்யில்லை. ஆனால், வங்கிகளின் மூலதனத் தேவையை உயர்த்திய பாசல் 3 விதிகள் 2010-லேயே வந்துவிட்டன. தவிர, இதே வங்கியில் நம் ஜெய்ப்பூர்க்காரர் அன்ஷு ஜெயினும் யூர்கன் ஃபிட்ஷனும் பொறுப்பேற்றது 2012 ஜூனில். அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் கழிக்கப்பட்டது 190 கோடி யூரோ. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டறிக்கையில் குட்வில் பற்றிய குறிப்பைப் புரட்ட வேண்டும். தள்ளுபடி விகிதம் எவ்வளவு, எந்த அனுமானம் எவ்வளவு மாறினால் சோதனையில் தேறாது என்பதை அங்கே சொல்லச் சொல்கிறது சர்வதேசக் கணக்கியல் விதியான ஐ.ஏ.எஸ். 36. நான்கைந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்து, அந்த எண்கள் எந்த ஆண்டில் நகர்ந்தன, அப்போது நாற்காலியில் யார் இருந்தார் என்று பாருங்கள்.