சிபாரிசுக் கடிதம் யாரிடம் கேட்பது?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம்மவர் பழமொழி. அமெரிக்கச் சட்டக் கல்லூரி ஒன்றின் வாசலில் ஒரு மாணவன் போய் நிற்பதற்கு முன்னரே, அவன் வருகையை அறிவிக்கும் மணி ஒன்று அங்கு ஒலித்துவிடுகின்றது. சிபாரிசுக் கடிதமே அந்த மணி. அதனை யார் கையிற் கொடுப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மின்னஞ்சல். எம்மிடம் உயர்தர வகுப்பிற் படித்து, உதவிப் பணம் பெற்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் சென்ற மாணவி ஒருத்தி அதனை அனுப்பியிருந்தாள். அரசறிவியலில் முதற்பட்டத்தை முடிக்கும் தறுவாயில் இருக்கும் அவளுக்கு, அடுத்துச் சட்டம் பயில வேண்டும் என்பது விருப்பம். “சேர், என்னை நன்றாக அறிந்தவர் நீங்கள்தான். எனக்கொரு கடிதம் எழுதித் தரவேண்டும்” என்று கேட்டிருந்தாள். மகிழ்ச்சியோடு எழுத உட்கார்ந்தோம். மூன்று வரிகள் எழுதினோம். அதற்கு மேல் எழுத்து ஓடவில்லை. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

நமது நாட்டிலே சட்டம் பயில விரும்புவோருக்கு இத்தகைய கடிதம் தேவைப்படுவதில்லை. கொழும்பு புதுக்கடையிலுள்ள சட்டக் கல்லூரிக்குப் போட்டிப் பரீட்சையொன்றின் மூலம் மாணவர்கள் தெரிவு செய்யப்படுகின்றனர். பல்கலைக்கழகச் சட்டபீடங்களுக்கு உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியே வழிகாட்டி. ஆகவே நாம் பழகிய கடிதம் வேறு வகையானது. பாடசாலை அதிபரும், கிராம அலுவலரும், ஊரிற் பெயர்பெற்ற ஒரு பெரியவரும் எழுதித் தரும் நற்சாட்சிப் பத்திரமே அது. இன்னார் நல்லொழுக்கமுடையவர், நற்குடும்பத்திற் பிறந்தவர், எனக்கு உறவினர் அல்லர் என்று நான்கு வரிகள்; கீழே கையொப்பமும் முத்திரையும். எழுதியவரின் பதவி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்குப் பத்திரத்தின் மதிப்பும் உயரும் என்பது நமது எண்ணம். இந்த எண்ணத்தோடு கடல் கடப்பவர்களே அங்கு இடறுகின்றார்கள்.

அங்குள்ள முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சட்டம் என்பது முதற்பட்டம் ஒன்றைப் பெற்றபின் மூன்று ஆண்டுகள் பயிலும் கல்வி. அதன் முடிவிற் கிடைப்பது ‘ஜே.டி.’ எனப்படும் பட்டம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரிகள் அந்நாட்டில் ஏறத்தாழ 200 உள்ளன. அவற்றுக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும், 1947 ஆம் ஆண்டில் உருவாகிய ‘எல்.எஸ்.ஏ.சி.’ என்னும் பொது அமைப்பின் வழியாகச் செல்கின்றன. அதன் தலைமையகம் பென்சில்வேனியாவின் நியூட்டவுன் நகரிலே உள்ளது. பல்கலைக்கழகப் பெறுபேறுகள், 120 முதல் 180 வரை புள்ளியிடப்படும் ‘எல்.எஸ்.ஏ.டி.’ பரீட்சையின் முடிவு, மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரை, சிபாரிசுக் கடிதங்கள் என்பன ஒருங்கே ஆராயப்படுகின்றன. ஹாவார்ட், யேல், ஸ்ரான்போர்ட் முதலிய கல்லூரிகள் குறைந்தது 2 கடிதங்களைக் கேட்கின்றன.

கடிதம் செல்லும் பாதையையும் அறிந்துகொள்ளுதல் நன்று. எழுதுபவர் யார் என்பதை மாணவர் அவ்வமைப்புக்கு அறிவிக்க வேண்டும். எழுதியவர் கடிதத்தை நேரே அங்கு அனுப்பிவைப்பார். மாணவர் கைக்கு அது வருவதில்லை. தமது கல்விப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை 1974 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அந்நாட்டு மாணவர்களுக்கு வழங்கியுள்ளது. எனினும், சிபாரிசுக் கடிதத்தைப் பொறுத்தவரையில் அவ்வுரிமையை வேண்டாமென விட்டுக்கொடுக்கவும் இடமுண்டு. பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கவே செய்கின்றனர். மாணவர் பார்க்கமாட்டார் என்று அறிந்து எழுதப்பட்ட கடிதத்துக்கே படிப்போரிடம் நம்பிக்கை அதிகம் என்பதே அதற்குக் காரணம். நமது நற்சாட்சிப் பத்திரமோ இதற்கு நேர்மாறானது. அதனை நாமே வாங்கி, நாமே படித்து, நாமே பத்துப் பிரதிகள் எடுத்துக் கோவையிற் பத்திரப்படுத்துகின்றோம்!

புள்ளிகள் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அக்கல்லூரிகளின் வகுப்பறையை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1870 இல் ஹாவார்ட் சட்டக் கல்லூரியின் தலைவரான கிறிஸ்தோபர் லாங்டெல் என்பவர் புதிய கற்பித்தல் முறையொன்றைத் தொடங்கினார். விதிகளை மனனஞ் செய்வதற்குப் பதிலாக, மாணவர்கள் தீர்ப்புகளையே நேரிற் படித்து வரவேண்டும். ஆசிரியர் வகுப்பில் ஒருவரைத் திடீரென எழுப்பிக் கேள்வி கேட்பார். விடை வந்ததும் அவ்விடையையே மறுத்து இன்னொரு கேள்வி கேட்பார். இம்முறை அங்கு இன்றும் வழக்கிலுள்ளது. ஆதலின், விண்ணப்பங்களை ஆராய்வோர் அறிய விரும்புவன சிலவே. இம்மாணவர் கடினமான நூலைப் பொறுமையாகப் படிப்பவரா? மறுப்பு எழும்போது சிந்திப்பவரா, சினப்பவரா? தெளிவாக எழுதுபவரா? பிழையைச் சுட்டினால் திருத்திக்கொள்பவரா? புள்ளிகள் இவற்றுக்கு முழுவிடை தரமாட்டா. அருகிருந்து பார்த்த ஒருவரே தர வல்லவர்.

யாரைத் தெரிவது?

இதிலிருந்தே தெரிவு செய்யும் வழியும் புலப்படும். முதலில் நாடவேண்டியவர், நமது எழுத்தைப் படித்துத் திருத்திய ஆசிரியர். 300 பேர் கொண்ட விரிவுரை மண்டபத்தில் உயர்ந்த புள்ளியிட்ட புகழ்பெற்ற பேராசிரியரைக் காட்டிலும், 15 பேர் கொண்ட சிறு வகுப்பில் நம்மோடு வாதிட்ட இளம் விரிவுரையாளர் மேலானவர். முன்னவர் எழுதக்கூடியது நமது பெறுபேற்றுப் பத்திரத்தில் ஏற்கெனவே உள்ளது. பின்னவர் எழுதக்கூடியது வேறெங்கும் இல்லை. பெரிய வகுப்புகளில் விடைத்தாள்களைப் படித்துக் கலந்துரையாடல்களை நடத்துபவர் துணை ஆசிரியராக இருப்பின், அவர் தாம் கண்டவற்றை எழுத, பேராசிரியரும் சேர்ந்து ஒப்பமிடுவது தக்க வழியாகும்.

இரண்டாவது கடிதம் முதலாவதன் எதிரொலியாக இருத்தலாகாது. ஒருவர் எழுத்துத் திறனைக் கூறினால் மற்றவர் ஆராய்ச்சியையோ பொறுப்புணர்ச்சியையோ கூறட்டும். படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள், தம் வேலையை நாள்தோறும் மேற்பார்வை செய்த அதிகாரியிடம் ஒரு கடிதம் பெறலாம். அங்கும் நிறுவனத் தலைவரைத் தேடி ஓடுவதிற் பயனில்லை.

தவிர்க்க வேண்டியவர்கள் யார்? உறவினர், குடும்ப நண்பர், தந்தையாரின் பழைய மாணவர், ஒருமுறை கைகுலுக்கிய நீதியரசர், திருமண வீட்டிற் சந்தித்த பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோர். இவர்கள் பெரியவர்கள்தாம். ஆயினும் அவர்களுடைய கடிதத்திலே அவர்களுடைய பெருமைதான் தெரியுமேயன்றி மாணவரின் திறமை தெரியாது.

உண்மையாக அறிந்த ஒருவரின் சொல் எத்துணை வலிமையுடையது என்பதற்கு அமெரிக்கச் சட்ட உலகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ரூத் பேடர் கின்ஸ்பேர்க் அம்மையார் 1959 இல் கொலம்பியா சட்டக் கல்லூரியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு தேறினார். அப்படியிருந்தும் நியூயோர்க்கின் சட்ட நிறுவனம் எதுவும் அவருக்கு வேலை தரவில்லை. அவர் பெண், அதிலும் நான்கு வயதுக் குழந்தையின் தாய். அப்போது அவருடைய ஆசிரியர் ஜெரால்ட் குந்தர், எட்மண்ட் பல்மியேரி என்னும் நீதிபதியிடம் அவருக்காகப் பேசினார். நீதிபதி தயங்கினார். இவர் சரிவராவிட்டால் இவரிடத்துக்கு வேறொருவரைத் தருவதாக ஆசிரியர் உறுதி கூறினார். இவருக்கு வாய்ப்பளிக்க மறுத்தால் இனிமேல் கொலம்பியா மாணவர் எவரையும் தாம் சிபாரிசு செய்யப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். அம்மையார் அந்நீதிபதியிடம் இரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1993 இல் அந்நாட்டு உயர் நீதிமன்ற நீதியரசராகி, 2020 இல் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். இந்த ஆசிரியர் வெறும் புகழுரை கூறவில்லை. தமது நற்பெயரையே ஈடு வைத்தார். மாணவியை அறிந்திராத ஒருவர் அவ்வாறு செய்யத் துணிந்திருப்பாரா?

கேட்கும் முறை

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “கடிதம் தருவீர்களா?” என்று கேட்டால் எவரும் இல்லையென்று கூறக் கூசுவர். “எனக்காக வலுவான கடிதமொன்றை எழுத உங்களால் இயலுமா?” என்று கேட்டல் வேண்டும். தயக்கம் தெரிந்தால் நன்றி கூறி விலகிக்கொள்வதே அறிவுடைமை. அரைமனத்தோடு எழுதப்படும் கடிதம், கடிதம் இல்லாமையிலும் கெட்டது.

இசைந்தவருக்கு வேண்டியவற்றை நாமே ஒழுங்காகக் கொடுத்துவிட வேண்டும். பெறுபேறுகள், அவர் வகுப்பில் எழுதிய கட்டுரை, அதில் அவரிட்ட குறிப்புகள், நம்மைப் பற்றி நாம் எழுதிய கட்டுரையின் வரைவு, கல்லூரிகளின் பெயர்கள், இறுதி நாள் ஆகியன அவர் கையில் இருக்கவேண்டும். பல கல்லூரிகள் செப்டெம்பர் அளவில் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கி, வரவர ஆராய்ந்து இடமளித்துக்கொண்டே செல்கின்றன. ஆகவே இரண்டு மாதங்களுக்கு முன்னரே கேட்டுவிடுவது நன்று. முடிவு எதுவாயினும் எழுதியவருக்கு அதனை அறிவித்து நன்றி கூற மறத்தலாகாது. அவரும் காத்திருப்பார்.

நிற்க. எமது எழுத்து ஏன் ஓடவில்லை என்பதைக் கூறவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இங்கு சட்டத்தரணியாகிவிட்ட பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவிற் சட்ட முதுமாணிப் படிப்புக்காக எம்மிடம் கடிதம் கேட்டார். ஆசிரியருக்குச் செய்யும் மரியாதையாக எண்ணிக் கேட்டார்; நாமும் பெருமையாக எண்ணி எழுதினோம். ஒழுக்கமுடையவர், கீழ்ப்படிவுள்ளவர், நேரந்தவறாதவர், விடாமுயற்சி மிக்கவர் என ஒரு பக்கம் நிறைந்தது. அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பிறிதொரு மாணவருக்காக அக்கடிதத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. பெயரை மட்டும் மாற்றினால் அது எவருக்கும் பொருந்தும்! பாடசாலை விவாதப் போட்டியொன்றில், எவரும் ஏற்க விரும்பாத பக்கத்தைத் தாமே கேட்டு வாங்கி வாதிட்டவர் அவர். அதனை எழுத எமக்குத் தோன்றவேயில்லை. அவர் தோல்விக்கு எமது கடிதமே காரணம் என்று கூறச் சான்றில்லை. காரணமன்று என்று கூற மனம் இடந்தரவில்லை.

அதே கடிதத்தின் முதல் மூன்று வரிகளைத்தான் இம்மாணவிக்கும் எழுதியிருந்தோம். அவளைப் பதினேழு வயதில் அறிந்தோமேயன்றி, இன்று அவள் எவ்வாறு படிக்கின்றாள், எவ்வாறு வாதிடுகின்றாள் என்பதை அறியோம். தொலைபேசியில் அழைத்து, எம்மால் எழுத இயலாது என்றோம். மறுமுனையில் மௌனம். கடிதம் மறுப்பது நம்மிடையே கதவடைப்பது போன்றதல்லவா? அதனை உணர்ந்தே, “பிள்ளை, எழுதிய ஒன்றைத் திரும்பவும் எழுது என்று உன்னிடம் சொன்னவர் அங்கே யார்?” என்று வினவினோம்.

அவள் சிறிது யோசித்து, அரசியலமைப்பு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் ஒருவரைக் கூறினாள். அவர் அவளுடைய கட்டுரையைச் சிவப்பு மையால் நிறைத்துத் திருப்பிக் கொடுத்தாராம். மூன்று முறை எழுதினாளாம். அப்படியும் உயர்ந்த புள்ளி கிடைக்கவில்லையாம்.

“ஆனால் சேர், அவருக்கு என்னுடைய பிழைகளெல்லாம் தெரியும்” என்றாள்.

“நீ அவற்றைத் திருத்தியதும் அவருக்குத்தானே தெரியும்” என்றோம்.

அவள் கேட்டாள், அவர் உடனே இசைந்தார். முடிவு இன்னும் வரவில்லை.

மறுநாள் வகுப்பறையில் நின்றபோது எம் முன்னே 40 முகங்கள் இருந்தன. இவர்களுள் எத்தனை பேரைப் பற்றி, பெயரை மாற்றினால் பிறருக்குப் பொருந்தாத ஒரு பக்கத்தை எம்மால் எழுத முடியும் என்று எண்ணிப் பார்த்தோம். கிடைத்த தொகையை இங்கு எழுத வெட்கமாக உள்ளது. அன்று மாலை கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தி முடிக்க, வழக்கத்திலும் நெடுநேரம் சென்றது.