காற்றுக்கு ஒரு பூட்டு

இங்கிலாந்தில் வயலோரப் புதர்வேலிகளில் ஆகஸ்ட் கடைசியில் பிளாக்பெர்ரி கறுக்கத் தொடங்கும். கூடையோடு போனால் பறித்து வரலாம். கையில் முள் கீறும், விரல் நுனியெல்லாம் ஊதாவாகும். செப்டம்பர் 29 அன்று வரும் மைக்கேல்மஸ் திருநாளுக்குப் பிறகு அந்தப் பழத்தைத் தொடக் கூடாது, சாத்தான் அதன்மேல் துப்பிவிடுவான் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. இலையுதிர்கால ஈரம் ஏறியதும் பழத்தில் பூஞ்சை படர்ந்துவிடுகிறது. அதற்கு முன்பே பறித்து ஒயின் போட்டுவிடுவது கிராமத்து வீடுகளின் வழக்கம். திராட்சைக்கு வேண்டிய வெயில் போதாத நாடு அது. அதனால் பிளாக்பெர்ரி, எல்டர்பெர்ரி, பிளம் என்று கைக்கு எட்டியதிலெல்லாம் ஒயின் செய்து பழகினார்கள். நாட்டு ஒயின் என்றே அதற்குப் பெயர்.

இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்ததும் இந்த வழக்கம் சுருங்கிப்போனது. 1953 செப்டம்பரில் பங்கீடு நீங்கியபின் மறுபடி தளிர்த்தது. ஊருக்கு ஊர் ஒயின் குழுக்கள் தோன்றின. ஆண்டோவர் நகரத்துக்காரரான சி. ஜே. ஜே. பெர்ரி 1960இல் எழுதிய கையேடு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. விற்காமல் வீட்டுக்குள் குடிப்பதற்குச் செய்தால் அங்கே சட்டம் தடுப்பதில்லை. நம் ஊர் நிலை வேறு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை செய்து பார்ப்பதற்கானதன்று. ஒரு வாளிப் பழக்கூழுக்குள் எத்தனை வேதியியல் நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு.

ஒயினை ஆக்குவது ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் உயிர். மனிதருக்கு அதில் முக்கியமான வேலை ஒன்றுதான்: காற்றை எப்போது உள்ளே விடுவது, எப்போது அடைப்பது என்று தெரிந்திருப்பது. கெட்டுப்போன ஒயின்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் தவறியவை என்பது என் எண்ணம்.

ஒரு காலன், அதாவது நாலரை லிட்டர் ஒயினுக்கு ஏறத்தாழ 1.8 கிலோ பழம், ஒரு கிலோ சர்க்கரை, மீதிக்குத் தண்ணீர். பழத்தை மசித்து வாளியில் போடுவார்கள். கொதிக்க வைப்பதில்லை, கொதித்தால் பழத்திலுள்ள பெக்டின் கரைந்து வந்து ஒயினைக் கலங்கலாக்கும். ஜாமை உறைய வைக்கும் அதே பெக்டின்தான். அதைச் சிதைக்கப் பெக்டினேஸ் என்ற நொதியைச் சேர்ப்பதும் உண்டு. பழத்தோலில் இயல்பாகவே காட்டு ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அடக்கக் கேம்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போடுவார்கள். அது கந்தக டை ஆக்சைடை வெளியிடும் உப்பு. 1920களில் சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூரில் இருந்த பழப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் பிறந்த முறை என்பதால் ஊரின் பெயரே மாத்திரைக்கும் வந்தது. ஒருநாள் கழித்து, கந்தகத்தின் வீரியம் தணிந்ததும், ஒயினுக்கென்றே வளர்த்த ஈஸ்ட்டை இடுவார்கள்.

இந்தக் கட்டத்தில் வாளிக்குத் துணிமூடி போதும், காற்று வேண்டும். ஈஸ்ட் பெருகுவதற்குத் தன் செல் சவ்வைக் கட்ட வேண்டும். அதற்குத் தேவையான ஸ்டெரால்களை ஆக்ஸிஜன் இல்லாமல் அதனால் உண்டாக்க முடியாது. அதனால் நாளுக்கு இருமுறை கிளறிக் கொடுக்கிறார்கள். மேலே மிதந்து வரும் தோலைக் கீழே அமுக்கிவிடுவதும் அப்போதே நடக்கும். தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன. ஐந்தாறு நாளில் கூழ் நுரைத்துப் பொங்கும்.

அதற்குப் பிறகு காற்று பகையாகிறது. சாற்றை வடித்து, குறுகிய கழுத்துள்ள டெமிஜான் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றுப்பூட்டைப் பொருத்துவார்கள். வளைந்த சிறு குழாய், அதன் வளைவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் அந்தக் கருவி. உள்ளே உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. காசு அதிகம் பிடிக்காத இந்தக் குழாயை விட அழகான கருவியை நான் சமையலறையில் பார்த்ததில்லை. பழ ஈக்களையும் அது தடுக்கிறது. அசெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் காலில் சுமந்து வருபவை அவை. ஆல்கஹாலும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் அந்தப் பாக்டீரியா ஒயினை வினிகராக்கிவிடும்.

குடுவைக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பதே ஒயினின் விதியைத் தீர்மானிக்கிறது என்று காட்டியவர் லூயி பாஸ்டர். 1856இல் லீல் நகரத்தில் பீட்ரூட்டிலிருந்து ஆல்கஹால் தயாரித்த பீகோ என்பவர், தொட்டிகள் புளித்துப்போகின்றன என்று அவரிடம் வந்தார். பாஸ்டர் நுண்ணோக்கியில் பார்த்தபோது நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள் தெரிந்தன, கெட்ட தொட்டியில் நீண்டு மெலிந்த வேறு உயிர்கள். நொதித்தல் வெறும் வேதிச் சிதைவு என்று லீபிக் முதலிய பெரிய வேதியியலாளர்கள் உறுதியாகச் சொல்லிவந்த காலம் அது. உயிர்தான் காரணம் என்று பாஸ்டர் நிறுவினார். காற்றில்லாத இடத்தில் நடக்கும் வாழ்க்கையே நொதித்தல் என்றும் விளக்கினார். 1897இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள செல் ஒன்றும் இல்லாமலே, சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் கண்டு மற்றொரு கதவைத் திறந்தார். வேலை செய்வது செல்லுக்குள் இருக்கும் நொதிகள். அதற்கு 1907இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு எளிது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். ஒயின் ஈஸ்ட்டுகளில் பல 14, 15 சதவீதத்தில் தாங்கள் ஆக்கிய ஆல்கஹாலிலேயே சோர்ந்துவிடும். பழைய குறிப்புகளில் காலனுக்கு மூன்று பவுண்டு சர்க்கரை போடச் சொல்லியிருக்கும். ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரைதான் பாட்டியின் ஒயின் தித்தித்ததற்குக் காரணம். இதையெல்லாம் கண்ணால் காட்டுவது ஹைட்ரோமீட்டர். பால் சொசைட்டியில் பாலில் மிதக்க விடும் லாக்டோமீட்டரின் உடன்பிறப்பு அது. தொடக்கத்தில் சாற்றின் ஒப்படர்த்தி 1.090 அளவில் இருக்கும். சர்க்கரை தீரத் தீர இறங்கி, தண்ணீருக்கும் கீழே 0.995 வரை வரும். தண்ணீரைவிட ஆல்கஹால் இலேசானது. இறங்கிய அளவை 131ஆல் பெருக்கினால் பன்னிரண்டரை சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது.

ஒயினில் மெத்தனால் இருக்காதா என்ற கேள்வி நம் ஊரில் எழாமல் இருக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. பழ ஒயினிலும் மெத்தனால் உண்டு. பெக்டின் சிதையும்போது கொஞ்சம் வெளிப்படும். ஆனால் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவுக்குள் நிற்பது. கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது நொதித்தலில் உண்டான சுவடு இல்லை, சாராயத்தில் மனிதர் கலந்த நஞ்சு.

குமிழ் அடங்கியதும் அடியில் மண்டி படியும், செத்த ஈஸ்ட். அதை அலுங்காமல் விட்டுத் தெளிவை மட்டும் குழாயால் வேறு குடுவைக்கு இறக்குவார்கள். மண்டியிலேயே விட்டால் ஈஸ்ட் அழுகி நாற்றமெடுக்கும். இப்படி இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் குடுவையைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும், மேலே காலியிடம் இருந்தால் அங்கே காற்று நிற்கும்.

பாட்டிலில் அடைப்பதில்தான் அவசரம் ஆபத்தாகிறது. லிட்டருக்கு நான்கு கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இருபது கிராம் மிச்சமிருந்தால் ஐந்து. ஹைட்ரோமீட்டரில் அந்த இருபது கிராமின் வித்தியாசம் 0.01ஐக் கூடத் தொடாது. அவசரக் கண்ணுக்குத் தப்பிவிடும். ஷாம்பெயின் பாட்டில் ஆறு வளிமண்டலத்தைத் தாங்கும்படி தடித்த கண்ணாடியில் செய்யப்படுகிறது, சாதாரண ஒயின் பாட்டில் அப்படியில்லை. அது வெடித்தால் கண்ணாடிச் சில்லு அறை முழுக்கப் பறக்கும்.

குளிர்காலத்தில் ஈஸ்ட் தூங்கிவிடும் என்பது இதில் இன்னொரு சிக்கல். குமிழ் நின்றது, முடிந்தது என்று நினைத்து மூடினால் வசந்தகால வெப்பத்தில் மறுபடி எழும். தோட்டத்துக் கொடி பூக்கும்போது பீப்பாயில் ஒயினும் அசையும் என்று ஐரோப்பியக் கிராமங்களில் நம்பினார்கள். அவர்கள் பார்த்தது இதைத்தான். அதனால் சில வார இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றுபோல இருந்தால் மட்டுமே அடைப்பது. இனிப்பு வேண்டுமென்பவர்கள் பொட்டாசியம் சார்பேட் சேர்ப்பார்கள். அது ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதோடு கந்தகமும் சேர்க்காவிட்டால் லாக்டிக் பாக்டீரியாக்கள் சார்பேட்டைச் சிதைத்து ஜெரேனியம் இலையின் வாடையைக் கொடுத்துவிடும். பிறகு அதைப் போக்க வழியே இல்லை.

ஒரு காலனுக்கு ஆறு பாட்டில் வரும். தக்கை, போர்ச்சுகலில் அதிகம் வளரும் கார்க் ஓக் மரத்தின் பட்டை. உரித்த பட்டை மீண்டும் வளர ஒன்பது ஆண்டு ஆகும். தக்கை இறுகும் வரை பாட்டிலை ஓரிரு நாள் நிமிர்த்தி வைத்து, பிறகு படுக்க வைக்கிறார்கள். ஒயின் பட்டு நனைந்தே இருந்தால்தான் தக்கை சுருங்காமல் காற்றை மறிக்கும். பிளாக்பெர்ரியை ஓராண்டில் திறக்கலாம். எல்டர்பெர்ரியில் துவர்ப்பு மிகுதி, அதற்கு இரண்டு ஆண்டாவது வேண்டும்.