டயருக்குள் அடைபட்ட காற்று

மாணவர்களே! மகிழுந்தின் எடையைத் தாங்குவது எது? டயரின் ரப்பர் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவ்வெடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே.

ரன்-பிளாட் என்னும் வகை டயர் இதற்குச் சற்று விலக்கு. அதன் பக்கச்சுவர் தடித்தும் விறைத்தும் இருக்கும். ஆணி குத்திக் காற்று முழுதும் வெளியேறினாலும் அச்சுவரே வண்டியைத் தாங்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை மீறாமல், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு செல்லலாம். ஆயினும் அதன் விலை மிகுதி. குண்டும் குழியுமான சாலையில் குலுக்கலும் மிகுதி. ஆகவே, அது தேய்ந்தபின் சாதாரண டயருக்கு மாறுவோர் பலர்.

அப்போது காற்றை எவ்வளவு நிரப்புவது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் விடை கிடைக்கும். அங்குள்ள தூணிலோ கதவின் ஓரத்திலோ சிறு அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். வண்டியின் எடையையும் டயரின் அளவையும் கொண்டு கணித்த எண்கள் அவை. புதிய டயரின் அளவும் சுமைக் குறியெண்ணும் பழையதோடு ஒத்திருந்தால், பொதுவாக அதே அழுத்தம் பொருந்தும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து நிரப்பலாகாது. அது மீறக்கூடாத உச்சவரம்பு.

சாதாரண டயர் தரையைத் தொடுமிடத்தில் சற்றுப் பிதுங்கித் தோன்றும். ரன்-பிளாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது காற்றுக் குறைவாகவே படும். உடனே, "இன்னும் அடியுங்கள்" என்பார்கள். அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதி விரைந்து தேயும், பிடிமானமும் குறையும். குலுக்கலுக்கு அஞ்சிக் காற்றைக் குறைப்பதோ அதனினும் தீங்கு. பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறும். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடிக்கவும் கூடும். ஆகவே, அழுத்தமானி காட்டும் எண்ணையே நம்புதல் வேண்டும்.

வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு இறங்கினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. அளவு இறங்கும். தில்லியில் மே மாதம் நிரப்பிய டயர் சனவரிக் காலையில் தளர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து சென்னைக்கு மகிழுந்திலேயே செல்லும் குடும்பங்கள் உண்டு. 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. வண்டி நிறைய ஆட்களும் பெட்டிகளும். முழுச் சுமைக்கென அட்டவணையில் தனி எண் தரப்பட்டிருந்தால், புறப்படுமுன் அதன்படி நிரப்ப வேண்டும். இன்னொன்று: ரன்-பிளாட்டுடன் விற்கப்படும் வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே இராது. சாதாரண டயருக்கு மாறியவர்கள் ஒரு ஸ்டெப்னியையோ, பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் சிறிய காற்றடிக்கும் கருவியையுமோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.