ஏழு புள்ளி, நான்கு வரை

ஸ்ரீபெரும்புதூரில் வெண்பனி இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நிஜமாகவே இருக்கிறது. ஆனால் தரையில் இல்லை, தலைக்கு மேலே. நம் பக்கத்து வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரம் போனால் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும். இங்கிருந்து ஒரகடம் போகிற தூரம்கூட அது இல்லை! ஐப்பசி, கார்த்திகையில் கறுத்துத் திரளும் பெரிய மழை மேகங்களின் உச்சியில் பனிப் படிகங்கள் உண்டு. இறங்குகிற வழியிலேயே அவை உருகிப்போகின்றன. நம் குடைக்கு வந்து சேர்வது மழைத்துளிதான்.

அரையாண்டு விடுமுறை வந்துவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, நடுவில் யாருக்காவது பிறந்தநாளும் வரும். இந்த முறை விருந்து மேசையைக் குளிர்கால மேசையாக அலங்கரிக்கலாமா? ஒரே ஒரு எச்சரிக்கை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. அதன் பிறகு இந்தப் பகுதியில் கொரியக் குடும்பங்களும் குடியேறின. நெடுஞ்சாலை ஓரத்தில் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளில் பலர் நிஜ வெண்பனியில் உருண்டு விளையாடியவர்கள். எட்டு முனை வைத்த காகிதப் பனிப்பூவை மேசையில் வைத்தால் அவர்கள் நம்மைக் கேலி செய்யக்கூடும்.

பனிப்பூவுக்கு முனை ஆறு. ஐந்தும் கிடையாது, எட்டும் கிடையாது. கடையில் விற்கிற பல அலங்காரத் தாள்களில் இது தப்பாகத்தான் இருக்கிறது.

ஏன் ஆறு? இந்தக் கேள்வியை வைத்து வானியல் அறிஞர் யோஹான்னஸ் கெப்ளர் 1611-ல் ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். அதை ஒரு நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த அவருக்கே இதற்கு முழு விடை கிடைக்கவில்லை. கிடைக்கவும் முடியாது. படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர்களால் அறியும் வழி பிறந்ததே 1912-ல்தான்.

விடை உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. மார்கழிக் கோலம் போடும்போது அம்மாவிடமோ பாட்டியிடமோ ‘ஏழு புள்ளி, நான்கு வரை, ஊடுபுள்ளி’ என்று சொல்லிப் பாருங்கள். நடுவரிசையில் ஏழு புள்ளி வைப்பார்கள். அதன் மேலும் கீழும், இரண்டு புள்ளிகளுக்கு இடையே விழுகிற மாதிரி ஆறு, அப்புறம் ஐந்து, அப்புறம் நான்கு. மொத்தம் 37 புள்ளி. ஓரப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் அறுகோணம் வந்து நிற்கும்! புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கிற நேர்புள்ளியில் இது வராது.

இப்போது நடுப்புள்ளியைப் பாருங்கள். அதைச் சுற்றி ஆறு புள்ளிகள் இருக்கின்றன. அந்த ஆறு இடத்திலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறை உட்காரவைத்து, நடுப்புள்ளியை மட்டும் அழித்துவிடுங்கள். பனிக்கட்டியை மேலிருந்து பார்த்தால் தெரிகிற வளையம் இதுதான். ஓர் ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்த நீர் மூலக்கூறு, உறையும்போது நான்கு அண்டை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டே போனால் ஆறு ஆறாக வளையங்கள் அமையும். கோடிக்கணக்கான வளையங்கள் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும்போதும் அந்த ஆறு மாறுவதில்லை. வளையத்தின் நடுவே காலியிடம் இருப்பதால்தான் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கிறது.

ஆகவே மேசை விரிப்பு தயார்: கறுப்புச் சார்ட் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் ஏழு புள்ளிக் கோலம்.

அதன் மேல் வைக்கக் காகிதப் பனிப்பூ வேண்டுமே. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். பாதியாக மடியுங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டு மறுபடி பாதி, மறுபடி பாதி என்று மடித்து நான்கு முனைக்கோ எட்டு முனைக்கோ போய்விடுகிறார்கள். அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடிக்க வேண்டும். ஒவ்வொரு பங்கும் 60 டிகிரி. பிறகு அதை நீளவாக்கில் ஒரு முறை பாதியாக மடித்தால் 30 டிகிரி ஆப்பு, 12 அடுக்கு. ஓரங்களில் இஷ்டத்துக்கு வெட்டிப் பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது, சவுக்குக் கிளை. நம் ஊரில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரமாக நிற்பது சவுக்குதான். பைன் மரத்து ஊசி இலை போலத் தெரிகிறதே, அது இலையே இல்லை, மெல்லிய குச்சி. ஒன்றைக் கையில் எடுத்து மெதுவாக இழுங்கள். கணுவில் ‘டக்’கென்று கழன்று வரும். கழன்ற இடத்தில் குட்டிப் பற்களாக வட்டமாக நிற்கின்றனவே, அவைதான் இலைகள்.

இந்தக் கிளையில் பனி படிய வைக்கலாம். அதற்குப் படிகாரம் வேண்டும். திருஷ்டிக்காகக் கடை வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்த வெள்ளைக் கட்டிதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடித்த படிகாரம் 60 கிராம், கொதிநீர் 200 மில்லி. வெந்நீர் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். கரைந்ததும் துணியில் வடிகட்டி, அகலமான பாட்டிலில் ஊற்றி, சவுக்குக் கிளையைக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டு, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். வெந்நீர் நிறையப் படிகாரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறிய நீரால் அவ்வளவையும் தாங்க முடியாது. மிச்சம் வெளியே வந்து கிளையில் ஒட்டும். காலையில் கிளை முழுக்க மினுமினுக்கும்!

பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டால் பொடிப்பொடியாக நிறையப் படிகங்கள் வரும். பார்க்க உறைபனி மாதிரியே இருக்கும். துண்டால் சுற்றி மெதுவாக ஆறவிட்டால் எண்ணிக்கை குறையும், அளவு பெருக்கும். பாட்டிலின் அடியில் தட்டையாகப் படுத்து வளர்ந்தவை சில சமயம் அறுகோணமாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். படிகாரப் படிகம் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகி. தொங்கிக்கொண்டு வளர்ந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் தெரியும். (சர்க்கரை என்று நினைத்து யாரும் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

படிகம் வளரப் பிடிமானம் வேண்டும். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் நகாயா உகிச்சிரோ என்ற விஞ்ஞானி, வெண்பனிப் படிகத்தை ஆய்வகத்திலேயே வளர்க்கப் பாடுபட்டார். 1936-ல்தான் வெற்றி கிடைத்தது. அவருக்குக் கைகொடுத்த பிடிமானம் எது தெரியுமா? முயலின் முடி! வெப்பநிலையும் ஈரமும் மாறினால் படிகத்தின் வடிவமும் மாறும் என்று அவர் காட்டினார். மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசியாக வரும். மைனஸ் 15-ஐ ஒட்டித்தான் கிளை விட்ட நட்சத்திரங்கள் வரும்.

நிஜ உறைபனியே வேண்டும் என்கிறீர்களா? ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்டுக் கரண்டியால் கிளறுங்கள். டம்ளரை நாலு சொட்டுத் தண்ணீர் விட்ட அட்டையின் மேல் வையுங்கள். முதலில் வெளிப்பக்கம் வியர்க்கும், பிறகு வெள்ளையாகப் பூக்கும். டம்ளரைத் தூக்கினால் அட்டையும் கூடவே வரும்! உப்பு சேர்ந்த ஐஸ், பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உருகிக்கொண்டே இருக்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் டம்ளரிடமிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். சரியான கலவையில் மைனஸ் 21 டிகிரிவரை இறங்கலாம். இரவில் மணியடித்து வரும் குல்ஃபி வண்டிப் பானைக்குள் நடப்பதும் இதேதான். அந்தக் கலவையில் விரலை விடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும்.

உறைந்த குளம் வேண்டுமென்றால் ஓரத்தில் டேப் ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்தால் போதும். ஆனால் நிஜப் பனிக்கட்டி போலக் கண்ணாடியில் படிகம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-லிருந்து கண்ணாடி செய்கிறது. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் முதலியவற்றைச் சுமார் 1500 டிகிரியில் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குவதுதான் முறை. புள்ளிக் கோல ஒழுங்குக்கு வருவதற்குள் அணுக்கள் இறுகிப்போகின்றன. அதனால் கண்ணாடி உடைந்தால் கண்டபடி வளைந்த விளிம்புகள்தான் வரும், முகங்கள் வராது.

தெர்மாகோலை உதிர்த்துப் பனி தூவுகிற யோசனை வேண்டாம். இங்கே அது தாராளமாகக் கிடைக்கிறது, நிஜம்தான். ஆனால் அந்த உருண்டைகள் மின்னூட்டம் ஏறிக் கைகளிலும் கேக்கிலும் ஒட்டும், மழைக்காலக் காற்றில் பறந்து ஏரிக்குப் போகும்.

விருந்து முடிந்ததும் டம்ளர் உப்புநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். படிகாரக் கிளையையும் வீசிவிட வேண்டாம். ஒரு நல்ல படிகத்தை மட்டும் பிய்த்து எடுத்துவைத்துவிட்டு, மற்றதை வெந்நீரில் கரைத்து முழுக்க ஆறவிடுங்கள். பிய்த்ததை மெல்லிய நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டால், பள்ளி திறப்பதற்குள் அது எவ்வளவு பெருத்தது என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம்.